பாதி வேகத்து மோட்டார்

ஜனவரி 6, திங்கள்

இன்றிலிருந்து தினமும் எழுத வேண்டுமாம். மகள் உத்தரவு. ஆக்னஸ் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். பேச்சு மட்டும் பெரிய டாக்டரம்மா மாதிரி. அப்பாவின் பிரஷர், மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லி, மருந்துக்கடையில் கொடுத்த டைரியை என் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறினாள். அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளின் எடையெல்லாம் எழுதுகிறவளுக்கு ஒரு புருஷனின் பிரஷர் எழுதத் தெரியாதா.

பிரஷர் 130/84. மாத்திரை போட்டார். மத்தியானம் காரல் குழம்பு, உப்பு பேருக்குத்தான். ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு அந்த மீனு கடல்லயே கெடந்திருக்கலாம்" என்றார். ஆனாலும் தட்டை வழித்துத்தான் எழுந்தார்.

எழுதத்தான் வேண்டும் என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பெயர் இஞ்ஞாசி. சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம், அதற்கு ஒரு பெட்ரோல் மோட்டார். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. நாங்கள் பார் என்போம். சீலா மீன் அங்கேதான். அக்டோபரில் அங்கே போயிருந்தபோது நெஞ்சு வலி வந்து வள்ளத்திலேயே சாய்ந்துவிட்டார். கூடத் தொழிலுக்குப் போகிற சூசையண்ணன்தான் மோட்டாரை முறுக்கிக்கொண்டு கரை சேர்த்தார். அங்கிருந்து தூத்துக்குடி, ஸ்டென்ட், மற்ற எல்லாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கேட்க நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

போன வாரம் அதே டாக்டர், பழையபடி கடலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இவர் அங்கேயே எழுந்து நின்று அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் போடவில்லை.

ஜனவரி 8, புதன்

பிரஷர் 128/82.

இன்றைக்கு வள்ளத்தைத் தள்ளினார்கள். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பங்குச்சாமியாரிடம் மந்திரித்த உப்பு வாங்கி, என் பழைய சேலைத் துணியில் முடிந்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டேன். ஊரில் மற்றப் பெண்கள் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் வைப்பார்கள். எனக்கு அணியம் போதாது என்று தோன்றியது. இவர் உயிரைக் கரைக்குக் கொண்டுவந்தது அணியமா என்ன.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி போனார். போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட்டார். மோட்டார் ஸ்டார்ட் ஆகிறது, மெதுவாகப் போகிறது. கைப்பிடியை முறுக்கினால் பாதி வேகத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. சிவப்பு லைட் எரிகிறது, பீப் பீப் என்று கத்துகிறது. இந்த வேகத்தில் பாருக்குப் போனால் மீன் எல்லாம் தூங்கி எழுந்து வேறு ஊருக்குப் போயிருக்கும் என்கிறார். முகம் தொங்கிப்போய்விட்டது. நான் ஆறுதல் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

ஜனவரி 9, வியாழன்

பிரஷர் 132/86. மோட்டாரால்தான்.

என் தம்பி ஸ்தனிஸ் வந்தான். கடற்கரையில் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். கை வேலை செய்வதைவிட வாய் அதிகம் செய்யும், ஆனால் கையும் சுத்தம். பெட்ரோல் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்து கெட்டிருக்கும் என்றான். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஃபில்டர் மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள். பீப்.

ஜனவரி 11, சனி

பிரஷர் 128/84. ரசமும் சுட்ட சாளை மீனும்.

தண்ணீருக்குள் சுற்றுகிற மோட்டார் ஃபேனில் வலை நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார்களாம். சுற்றவில்லை. ஆயில் அளவு பார்த்தார்களாம். சரியாக இருக்கிறது. ப்ளக் மாற்றினார்களாம். பீப்.

வேறு வழியில்லாமல் இவரும் சூசையண்ணனும் கரையோரமாகவே வலை போடுகிறார்கள். கொஞ்சம் சாளை, கொஞ்சம் காரல். பாருக்குப் போகிற பையன்கள் பக்கத்தில் சீறிக்கொண்டு போகும்போது, "மாமா, டவுன் பஸ் எங்கெல்லாம் நிக்கும்" என்று கேட்கிறார்களாம். இவரும் சிரித்துக்கொண்டே ஸ்டாப்பிங் பெயரெல்லாம் சொன்னாராம். அதை வீட்டில் வந்து என்னிடம் சொல்லும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அங்கன்வாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் வள்ளம் நன்றாகத் தெரிகிறது. இவர் குனிவதும் நிமிர்வதும்கூடத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு இன்று மூன்று பாட்டு கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசைக்குப் போனோம். மோட்டார் சரியாக வேண்டும் என்று ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். என்ன கருத்துக்காகச் சொன்னேன் என்பது மாதாவுக்குத் தெரியும்.

பிரஷர் 126/80.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேதக்காரர் வீடானாலும் எங்கள் ஊரில் பொங்கல் பானை வைக்காத வீடு கிடையாது.

நான் பால் வாங்கிவிட்டு வந்து பார்த்தால் அடுப்படியில் இரண்டு ஆண்பிள்ளைகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. அதற்குள் பித்தளை நிறத்தில் ஒரு சாமான், நூலில் கட்டித் தொங்குகிறது. கேட்டால் தெர்மோஸ்டாட்டாம். மோட்டாருக்குள் சூடு ஏறினால் அது வாய் திறந்து தண்ணீரை விட வேண்டுமாம். திறக்கிறதா என்று பார்க்க, வேக வைக்கிறார்களாம். பொங்கல் அன்றைக்கு, என் பால் சட்டியில்.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஸ்தனிஸ் ஒரு அடி பின்னால் போய்விட்டான். இவர் நகரவில்லை. "சத்தம் போடாத ஏட்டி, அது பயந்து தெறக்காமப் போயிரும்" என்றார். அந்த நேரம் பார்த்து அந்தச் சாமான் மெல்ல வாய் திறந்தது. நாங்கள் மூன்று பேரும் பால் பொங்கின மாதிரி சத்தம் போட்டோம். அப்புறம்தான் ஸ்தனிஸுக்கு உறைத்தது, அது திறந்தால் கோளாறு அதில் இல்லை என்று.

இவர் அடுப்படித் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்டோபருக்கு அப்புறம் இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டே நானும் சிரித்தேன். பிரஷர் எடுக்க மறந்துபோனது.

ஜனவரி 16, வியாழன்

பிரஷர் 128/80. அவித்த முட்டை, கீரை.

தண்ணீர் இழுக்கிற பம்ப்பைப் பிரித்து உள்ளே ரப்பர் மாற்றினார்கள். மோட்டார் ஓடும்போது பின்னால் நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்ச வேண்டுமாம். பீய்ச்சுகிறது. "மோட்டார் ஒழுங்கா ஒண்ணுக்குப் போவுது அத்தான், கிட்னி நல்லாருக்கு" என்று ஸ்தனிஸ் ரிப்போர்ட் கொடுத்தான். ஆனாலும் பீப்.

இந்த மோட்டாருக்குள் ஒரு மூளை இருக்கிறதாம். தனக்குச் சூடு ஏறிவிட்டது என்று அதற்குத் தோன்றினால் உடனே வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுமாம். யார் எவ்வளவு முறுக்கினாலும் அதற்கு மேல் ஓடாதாம். உண்மையில் சூடு இல்லை, தொட்டுப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது, எதையோ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்கிறான் ஸ்தனிஸ்.

தப்போ சரியோ, தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்கிற மோட்டார். எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இவர் வலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லி இஞ்சி மென்றுகொண்டு வலை இழுத்த ஆள்.

ஜனவரி 17, வெள்ளி

பிரஷர் 126/82. பீப்.

ஜனவரி 20, திங்கள்

பிரஷர் 138/88.

சூசையண்ணன் வந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார். மோட்டார் இப்படியே இருந்தால் அடுத்த மாதம் வேறு வள்ளத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். சீலா சீசன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, போ என்றுதான் சொன்னார். அப்புறம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

சூசையண்ணன் போய்விட்டால் இவர் தனி ஆள். தனி ஆளாக வள்ளம் தள்ள முடியாது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைத் தைத்துக் கொடுக்கிற ஆளாகிவிடுவார். அப்படி ஆகிவிட்டால் பத்திரமாக இருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததைத்தான் எழுதுகிறேன், ரசித்தேன் என்று எழுதவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

பிரஷர் 130/84. ஸ்தனிஸ் மோட்டாரின் மேல்மூடியை மறுபடி கழற்றி, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறானாம். நேற்றைப் போல் இன்றும் சரியாகச் சாப்பிடாமல்தான் இவர் போனார்.

ஜனவரி 23, வியாழன்

பிரஷர் 124/80. சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

மோட்டாரில் பீப் சத்தம் மட்டும் நின்றுவிட்டதாம். வேகம் வரவில்லையாம். அது எப்படி என்று கேட்டதற்கு ஸ்தனிஸ் தொண்டையைச் செருமிவிட்டு டீ கேட்டான். இவர் கூரையைப் பார்த்தார். போகட்டும், அந்தச் சத்தம் நின்றதே நிம்மதி.

துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை. கடலுக்குப் போகிறவர் சட்டையில் உப்பு இருக்கும்தான், ஆனால் பையில் மட்டும் எப்படி இவ்வளவு. திட்டினேன். இனிமேல் தானே துவைத்துக்கொள்வதாகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை.

ஜனவரி 27, திங்கள்

பிரஷர் 126/80. நகரை மீன் கொஞ்சம் கிடைத்தது, எனக்குப் பிடிக்கும் என்று விற்காமல் கொண்டுவந்தார்.

சூசையண்ணன் போகவில்லையாம். இவரோடேயே இருக்கிறாராம். "இன்னுங் கொஞ்ச நாள் பாப்போம் மதினி" என்று என்னிடமே சொன்னார். சொல்லும்போது அவருக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. கரையோரத்தில் சாளை பிடிப்பதில் அப்படி என்ன சிரிப்பு.

வள்ளம் அதே இடத்தில்தான் ஓடுகிறது, அதே பாதி வேகத்தில். இன்று ஜன்னலில் நின்று நான் கையை ஆட்டினேன். பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். அவரும் ஆட்டினார்.

ஜனவரி 29, புதன்

ஏலக்கூடத்துக்குப் போனேன். பாருக்குப் போன வள்ளங்கள் எல்லாம் சீலாவோடு வந்திருந்தன. நல்ல பெரிய மீன், மணலில் வரிசையாகக் கிடந்தது. இவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், நான் வந்ததைப் பார்க்கவில்லை. யாருடைய மீனோ ஒன்றைக் குனிந்து எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி, எடை பார்க்கிற மாதிரி மெதுவாக ஏற்றி இறக்கினார். வாலைத் தடவினார். பிறகு அது கிடந்த இடத்திலேயே, மண் படாமல் பார்த்து வைத்தார். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என் கையைத் தேடிப் பிடித்தாரே, அந்தக் கையை அன்றைக்குக்கூட இவ்வளவு பாவமாக நான் பார்க்கவில்லை.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மீன் வாங்காமல் வந்துவிட்டேன். பிரஷர் 126/82. இயந்திரத்துக்கு என்ன தெரியும்.

ஜனவரி 31, வெள்ளி

காலையிலேயே ஸ்தனிஸின் கடைக்குப் போனேன். தூத்துக்குடியிலிருந்து தெரிந்த ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு வா, மோட்டாரை எப்படியாவது சரியாக்கு, அத்தான் பாருக்குப் போகட்டும், என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அக்கா, நான் சொன்னேன்னு அத்தான்ட்ட சொல்லாத. மோட்டார் எப்பவோ சரியாயிட்டு."

அன்றைக்கு மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, ஒயர்களுக்குப் பின்னால் ஒரு கரித்துணி சொருகியிருந்ததாம். முதலில் பார்த்தபோது யாரோ கை துடைத்துப் போட்டது என்று விட்டுவிட்டானாம். எடுத்துப் பிரித்தால் உள்ளே உப்பு. மழைக்காலம் முழுக்க ஈரத்தை இழுத்து, தண்ணீராக வடிந்து, சூடு பார்க்கிற சென்சாரின் இணைப்புக்குள் இறங்கிப் பச்சை பூத்திருக்கிறது. அதனால்தான் மோட்டார் தனக்கு எப்போதும் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுத்தம் செய்து மாட்டினதும் பீப் நின்று, முழு வேகமும் வந்துவிட்டது.

"கடல் தண்ணி ஒரு சொட்டு உள்ள போவாத மோட்டாரு அக்கா. சோத்துல போடாத உப்பயெல்லாம் கொண்டுபோய் அதுல போட்டிருக்கியே."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, பூமிக்குள் போகவும் முடியவில்லை. அத்தான் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். அந்தத் துணியைப் பார்த்ததுமே என் சேலை என்று தெரிந்துகொண்டாராம். மறுபடி முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாராம்.

"மோட்டார் சரியாயிட்டுன்னு தெரிஞ்சா நான் பாருக்குப் போவணும். அவ அந்த ஜன்னல்லயே நின்னு உருகிப்போவா. இன்னுங் கொஞ்ச நாள் அவ கண்ணு முன்னாலயே ஓட்டுதேன் மாப்ள, அவளா தேறி வரட்டும்னு அத்தான் சொன்னாவ" என்றான் ஸ்தனிஸ்.

சூசையண்ணனுக்கும் தெரியும். அவரிடமும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். டவுன் பஸ் என்று ஊரே கேலி செய்ய, முழு வேகமும் உள்ள மோட்டாரைக் கையால் அடக்கிப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு எதிரே ஊர்ந்திருக்கிறார். நான் எத்தனை கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரஷர் எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்தால் எனக்கு அழுகை வந்துவிடும்.

பிப்ரவரி 1, சனி

சாயங்காலம் முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று அங்கன்வாடியிலேயே யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"திங்கக்கிழம பாருக்குப் போங்க" என்றேன்.

"மோட்டாரு?"

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும்."

ஊசி நின்றது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. ஸ்தனிஸைத் தவிர யார் சொல்லியிருக்க முடியும்.

"உனக்குப் பயமா இருக்கும்லா ஏட்டி."

"இருக்கும். நீங்க முத்தத்துல உக்காந்திருந்தாலும் இருக்கத்தான் செய்யும். அது என் பாடு. நீங்க போயிட்டு வாங்க."

வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"உனக்காவ மட்டும்னு நெனச்சியா. ஸ்தனிஸ்ட்ட அப்படித்தான் சொன்னேன். எனக்கும் அங்கன போவப் பயமாத்தான் இருந்திச்சு. அந்த எடத்துக்குப் போனா திரும்பவும் வலிக்குமோன்னு. நீ ஜன்னல்ல நிக்கது தெரியுத வரைக்கும் தைரியமா இருக்கும்."

அக்டோபரிலிருந்து இந்த வீட்டில் பயம் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். இவருக்கு மாத்திரை கொடுத்தேன், உப்பைக் குறைத்தேன், பிரஷர் எழுதினேன். பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று கேட்டேன். எல்லாம் சொன்னார். வள்ளத்தில் சாய்ந்து கிடந்தபோது வானம் மட்டும் தெரிந்ததாம், என் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாராம். என் பெயர் ஜெனோவா. இந்த மனுஷன் என்னை ஏட்டி என்பதைத் தவிர வேறு கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசை. கோழிக்குழம்பு. இருவருக்கும் பேச நிறைய இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

விடிந்து வெளிச்சம் வந்ததும் வள்ளம் தள்ளினார்கள். நான் கரைக்குப் போகவில்லை, அங்கன்வாடியைச் சீக்கிரமே திறந்துவிட்டு ஜன்னலில் நின்றேன். இவர் பழக்கப்பட்ட அதே பாதி வேகத்தில் வந்தார். எனக்கு நேர் எதிரே வந்ததும் வள்ளம் இன்னும் மெதுவாகி, நின்றுவிட்டது. சூசையண்ணன் திரும்பி இவரைப் பார்க்கிறார். இவர் என் பக்கம் பார்க்கிறார்.

எனக்கு என்ன தோன்றியதோ, இரண்டு கையையும் தூக்கி, போங்க போங்க என்று கடலைப் பார்த்துத் தள்ளினேன்.

மோட்டார் சத்தம் உயர்ந்தது. இத்தனை நாள் கேட்காத சத்தம். அணியம் மேலே தூக்கிக்கொள்ள, வள்ளம் பாய்ந்தது. கண்ணிமைக்கிற நேரத்தில் புள்ளியாகி, புள்ளியும் மறைந்தது. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், நான் உள்ளே போய்ப் பாயை விரித்தேன்.

மத்தியானம் திரும்பிவிட்டார்கள். மீன் பெரிதாக ஒன்றுமில்லை, சீலா ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. இவர் கால் கழுவிவிட்டு வாசற்படியில் நின்றபடியே, நாளைக்குத் தண்ணீர் நன்றாக இருக்கும் போலத் தெரிகிறது என்றார். கேட்கிறாரா, சொல்கிறாரா என்று புரியாத மாதிரி ஒரு குரல்.

"போங்க" என்றேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை.